உட்கார்ந்தபடி நடந்தவர்

மாமனார் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவருடைய இதயம் மட்டும் ஏன் நடைபோடுகிறது என்று மருமகளுக்கு விளங்கவேயில்லை.

காலையில் கடைக்கு நடந்துபோய் வருவார். அப்போது துடிப்பு ஏறும். நியாயம். மதியம் சாப்பிட்டுப் படுப்பார்; இறங்கும். அதுவும் நியாயம். மாலையில் ஜன்னலோர நாற்காலியில் கால் நீட்டிச் சாய்ந்திருப்பார். அந்த நேரம் பார்த்து, விறுவிறுவென்று நடக்கிறவனுக்கு ஏறுகிற மாதிரி ஏறி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு இறங்கும். இடது தோளுக்குச் சற்றுக் கீழே, தோலுக்கு அடியில் இருக்கும் பேஸ்மேக்கர் இதையெல்லாம் மருத்துவமனைக்குச் சொல்லிவிடுகிறது. மருத்துவமனை மகளுக்குச் சொல்லிவிடுகிறது. வினை அங்கேதான்.

“அண்ணி, தப்பா நினைக்காதீங்க,” என்றாள் நாத்தனார் போனில். தப்பாக நினைக்கும்படி ஏதோ வரப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. “நீங்க வேலை முடிஞ்சு வர்ற நேரம் நெருங்க நெருங்க அப்பாவுக்குப் படபடப்பு ஏறுது. அண்ணன் கப்பல்ல இருக்கான். வீட்ல நீங்க ரெண்டே பேரு. அப்பா வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டாரு. ஞாயித்துக்கிழமை வந்து அவரை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்.”

மருமகள் போனை வைத்துவிட்டு நேராக மாமனாரின் நாற்காலி அருகே போனாள்.

“மாமா, என்னைப் பாத்தா உங்களுக்குப் பயமா?”

“உன்னைப் பாத்து என்ன பயம்? நீ போடற காப்பியைப் பாத்தாத்தான் பயம்.”

“விளையாடாதீங்க. உங்களைக் கூட்டிட்டுப் போக வர்றா.”

அவர் சிரிப்பு நின்றது. “நல்ல பொண்ணுதான். ஆனா அங்க நான் விருந்தாளிம்மா. இங்கன்னா என் செருப்பு நான் கழட்டின இடத்துல கிடக்கும். எனக்குப் போகப் பிடிக்கல.”

அவளுக்கும் அவரை அனுப்ப மனமில்லை. ஆனால் ‘என்மேல் குற்றமில்லை’ என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

அவள் வேலை பார்ப்பது விலங்குகளைப் போல இயங்கும் இயந்திரங்கள் செய்யும் பட்டறையில். இப்போது செய்துகொண்டிருப்பது, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்குத் துணையாக ஒரு பூனை. அதன் வயிறு வெதுவெதுப்பாக இருக்கும், தொண்டை குறுகுறுக்கும், பால் குடிக்கும் குட்டி தாயின் வயிற்றைப் பிசைகிற மாதிரி முன்பாதங்கள் மாறிமாறி அமுக்கும். முதலில் செய்து பார்த்த பூனை வீட்டு அலமாரியில் இருந்தது. “இதை எலிகூட மதிக்காது, பூனைக்காரி,” என்று மாமனார் தினமும் ஒருமுறையாவது சொல்வார்.

முதல் சந்தேகம் அந்தப் பூனைமேல்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் பேஸ்மேக்கரைக் குழப்பும் என்று தெரிந்துதான், மோட்டார்களை வால் பக்கம் தள்ளி வைத்து, பாதங்களை அசைக்க அங்கிருந்து கம்பி விட்டிருந்தாள். மேலும், அவர்தான் அதைத் தொடுவதே இல்லையே!

சனிக்கிழமை துணி துவைக்கும்போது அவருடைய வெள்ளை பனியன் கையில் வந்தது. இடது தோளுக்குக் கீழே இரண்டு சாம்பல் நிறக் கறைகள், பக்கத்தில் பக்கத்தில். அடுத்த பனியனிலும் அதே இடத்தில் அதே இரண்டு. சோப்புக்கு மசியவில்லை. அவளுக்கு அந்தக் கறையைத் தெரியும். பட்டறையில் அவள் மேல்கோட்டு முழுக்க அதுதான். பூனைப் பாதத்து ரப்பர் விடுகிற கறை.

மாலையில், கடைக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பி, தெருமுனை வரை போய்த் திரும்பினாள். சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள்.

மாமனார் சாய்ந்திருந்தார். பூனை அவர் மார்பில் இருந்தது. இடது, வலது, இடது, வலது. “மெதுவாடா ராஜா, எங்கயும் ஓடிப் போயிடமாட்டேன்,” என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருமகளைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தார். “பேட்டரி இருக்கான்னு பாத்தேன்.”

“தினமுமா மாமா?”

“பொம்மையோட கொஞ்சறேன்னு தெரிஞ்சா உலகமே சிரிக்காதா? அதான் நீ வர்றதுக்குள்ள...”

அவள் சிரிக்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி வேகமாக ஓடியது. பூனையைத் தூக்கி மேசையில் வைத்தாள். சிறிது நேரத்தில் நாடி அடங்கியது. மறுபடி மார்பில் வைத்தாள். மறுபடி ஏறியது.

மருத்துவமனைத் தொழில்நுட்பர் முன்பே விளக்கியிருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நல்ல இதயம், உடம்பு நடக்கிறதா கிடக்கிறதா என்று தானே அறிந்து வேகத்தை மாற்றிக்கொள்ளும். மாமனாரின் இதயத்துக்கு அந்தத் திறன் போய்விட்டது. அதனால் பேஸ்மேக்கருக்குள் குலுக்கத்தை உணரும் நுண்ணிய பாகம் ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு லேசாகக் குலுங்கும் இல்லையா? அந்தக் குலுக்கம் வந்தால் ‘ஆள் நடக்கிறார்’ என்று அது துடிப்பைக் கூட்டும்; நின்றால் குறைக்கும். அதற்குக் கண்ணா இருக்கிறது, பாதம் யாருடையது என்று பார்க்க? பூனையோ சரியாக அதன் மேலேயே, மனிதன் நடக்கும் வேகத்தில் அமுக்கிக்கொண்டிருந்தது. நடையின் தாளம் மனதுக்கு இதம் என்று அந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான்!

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் காலிப் பெட்டியோடு வந்தாள். பூனையை மார்பில் வைத்தால் நாடி ஏறுவதையும் எடுத்தால் இறங்குவதையும் அவளே விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? அண்ணியை என்னெல்லாம் நினைச்சுட்டேன்!”

“பூனையோட பேசறேன்னு உங்கிட்ட எப்படிடி சொல்றது?”

“மன்னிச்சிருங்க அண்ணி,” என்றாள் நாத்தனார். பெட்டி திறக்கப்படாமலே கதவோரம் நின்றது.

மருமகள் தொழில்நுட்பரிடம் போனில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு திருப்புளியை எடுத்தாள். பாதங்களின் வேகத்தை, ஒரு மூச்சுக்கு ஓர் அமுக்கு என்று குறைத்தாள். பூனையின் இடத்தை மார்பிலிருந்து மடிக்கு மாற்றினாள். அன்று மாலை முழுவதும் பூனை பிசைந்தது, துடிப்பு ஏறவில்லை.