இரண்டாம் சனிக்கிழமை

“இந்த வருஷம் மியூசியத்த ஜான்சி பாத்துக்கட்டும்மா. நீங்க ஒத்தாசைக்குக் கூடப் போயிட்டு வாங்க” என்றார் தலைமையாசிரியர் தட்சிணாமூர்த்தி.

கயல்விழி தலையாட்டினாள். கீரப்பாளையத்துப் பக்கமிருந்த அந்தப் பள்ளியின் பிள்ளைகளை வருஷா வருஷம் கடலூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனவள் அவள்தான். வேன் பேசுவது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது, வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைப்பது எல்லாம் அவள் வேலை. வயலில் நாற்று நடும் கூலிக்காரியின் மகள் அவள். ஊர்ப் பெண்கள் அவளை ‘மியூசியம் டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பேர் சும்மா வந்ததில்லை.

ஜான்சி கடலூர்ச் செம்மண்டலத்துக்காரி. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை தனியாகப் போய் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை வகுப்பில் உடைந்த பானை ஒன்றைத் துணி போட்டு மூடி, கையை விட்டுத் தடவிப் பார்த்துக் கேள்வி கேட்கச் சொன்னாள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு ஒரு பொருள் என்று ஒப்படைத்தாள். அதை நேரில் பார்த்து மற்றவர்களுக்கு அவர்கள்தான் விளக்கவேண்டும்.

பக்கத்து வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கயல்விழிக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் அழைத்துப் போனபோதெல்லாம் இரண்டு வரிசை, கை பின்னால், வாயில் விரல். யாரும் சிரித்ததாக ஞாபகமில்லை. சாக்பீஸ் கையிலேயே உடைந்தது.

சாப்பாட்டு நேரத்தில் சிந்துஜா ஓடிவந்தாள். போன வருஷம் முழுக்கக் கயல்விழியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றிய பெண்.

“டீச்சர், எனக்குத் தாழி. செத்தவங்கள அதுல வெச்சிப் பொதைப்பாங்களாம். எப்படி உள்ள குந்த வெப்பாங்கன்னு கேட்டேன். ‘நீயே பாத்துட்டு வந்து சொல்லுடி’ன்னுட்டாங்க ஜான்சி டீச்சர்.”

“மொதல்ல சோத்தத் தின்னு.”

மாலையில் ஜான்சி வந்தாள். “அக்கா, வர்ற சனிக்கிழமையே வெச்சிக்கலாமா? நமக்கு லீவு. பாடமும் கெடாது.”

கயல்விழி நாட்காட்டியைப் பார்த்தாள். இரண்டாம் சனி. அன்றைக்கு அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை. வாசலில் எழுதியே இருக்கும். திறந்திருந்த நாளில் போன ஜான்சி அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

“வெச்சிக்கயேன்” என்றாள்.

சனிக்கிழமை காலை, கால் சேறு காயாமல் சிந்துஜாவின் அம்மா மங்கலம் புளிசாதத் தூக்கோடு வந்தாள். “நடவுல பாதியில ஏறி வந்தேன் டீச்சர். மேஸ்திரி கத்துறான். கூட நீங்க போறீங்கல்ல, எனக்கு அது போதும்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வேன் ஓரமாகத் தலைமையாசிரியர் ஜான்சியை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். “கயல்விழிம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க, பிள்ளைங்க மறையுது.” தள்ளிக்கொண்டாள்.

சிதம்பரம் தாண்டிக் கடலூர் வரும்வரை பிள்ளைகள் கேள்விகளை ஒப்பித்தபடி வந்தார்கள்.

“என்னா டீச்சர், பூட்டிக் கெடக்குது?” என்றார் வேன் ஓட்டிய அன்புமணி.

ஜான்சி அறிவிப்பைப் படித்தாள். முகம் செத்துவிட்டது. “அக்கா, நான் இதப் பாக்கவேயில்லியே.”

அந்த முகத்துக்காகத்தான் கயல்விழி வாரம் முழுக்கக் காத்திருந்தாள். வயிறு குளிர்ந்தது. குளிர்ந்து முடிப்பதற்குள் சிந்துஜா கேட்டாள்.

“போன வருஷம் நீங்கதான டீச்சர் இட்டாந்தீங்க? ஒங்களுக்குமா தெரியாது?”

எல்லாப் பிள்ளைகளும் திரும்பினார்கள். ஜான்சியும் திரும்பினாள்.

“தெரியாது” என்றாள் கயல்விழி.

சிந்துஜா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நடந்துபோய் ஜான்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “டீச்சர், தாழிய எப்ப வந்து பாக்கலாம்?”

“என்னிக்குத் தொறப்பாங்கன்னு விசாரிச்சிச் சொல்றேன்டி. என் தப்புதான். வா, அதோ மரத்தடியில ஒக்காந்து சாப்புடுவோம்.”

என்றைக்குத் திறப்பார்கள் என்று கயல்விழிக்குத் தெரியும். இனி அதைச் சொல்ல முடியாது. மங்கலம் கொடுத்த தூக்கைச் சுமந்துகொண்டு அவர்கள் பின்னால் போனாள்.