மேல் கோடுகள்

தற்காலிக ஆய்வாளராக இருந்த அவள் நீட்டிய ஆய்வுப் படத்தின் மேல்பாதியைத் துறைத்தலைவர் உள்ளங்கையால் மூடினார். "இவ்வளவு போதும்மா. மேல இருக்கிற கோடுகளையெல்லாம் வெட்டிடு."

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் 'பீடம்' என்று பெயர். நாளைய மாநாட்டில் அவருடைய பேருரை: 'ஓர் உருளை, ஓர் அளவு: உயிரின் மாறாச் சட்டம்.' மனித செல்லில் டிஎன்ஏ என்ற நூல், ஹிஸ்டோன் புரத உருளைகளில் ஒரே அளவாகச் சுற்றிக் கிடக்கிறது. கொதிக்கும் ஊற்றில் வாழும் ஆர்க்கியா நுண்ணுயிரும் அப்படியே சுற்றியாக வேண்டும். அவர் சொல்லிவிட்டாரே!

ஆர்க்கியாவுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை போலும். அவள் நூலை வெட்டும் நொதியைச் சேர்த்துப் பார்த்தாள். புரதம் மூடிய துண்டுகள் மட்டும் மிஞ்சும். மிஞ்சியவை, துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே கோடாக நிற்காமல் ஏணியாக ஏறின; நீளமானது மேலே. புரத ஜோடிகள், போதும் என்று சொல்ல ஆளில்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போக, நூலும் கூடவே சுற்றிக்கொண்டு போகிறது.

"நொதி பத்தலை. அரைகுறையா வெட்டியிருக்கு," என்றார் பீடம்.

"அப்படின்னா ஒவ்வொரு படியும் ஒரு முழு உருளை அளவு இருக்கணும் சார். இது சின்னப் படி. ஜோடிக்கு ஒண்ணு. நொதியைக் கூட்டியும் பார்த்துட்டேன்."

"உன் வேலை நீட்டிப்பு என் கையெழுத்துக்குக் காத்திருக்கு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அதுக்காக வெட்ட முடியாது."

வீட்டில் அவள் கணவனுக்குச் சோறு இறங்கவில்லை. "வேலை போச்சுன்னா என்னடி பண்றது?"

"உங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாம். 'நான் இருக்கேன்டா'ன்னு போன்ல வாய் நிறையச் சொல்றாங்கல்ல?"

அக்கா பேரைக் கேட்டதும் தெம்பு வந்து, அவன் அந்தக் கணமே அறிவியல் பக்கம் சாய்ந்துவிட்டான். "வெட்டாதே."

கணினியைத் தொடுவது தன் தகுதிக்குக் குறைவு என்பது பீடத்தின் கொள்கை. எனவே மாநாட்டில் படங்களை ஓட்டுவது அவள் வேலை. மறுநாள் மேடைப் படியில் கால் வைத்தபடி கேட்டார்: "வெட்டிட்டே இல்ல?"

"வெட்டலை சார்."

அதற்குள் ஒலிபெருக்கி அவர் பட்டங்களை அடுக்கத் தொடங்கியிருந்தது. கைதட்டல் அவரை மேலே இழுத்துக்கொண்டது.

"மாறாத அந்த ஒரே அளவு..." என்று கை விரித்தார். அவள் விசையை அழுத்தினாள். திரை நிறைய ஏணி. முன்வரிசையில் யாரோ கண்ணாடியை எடுத்து மாட்டினார்கள். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"அடுத்த படம்," என்றார்.

அவள் கைகட்டி உட்கார்ந்தாள்.

"அடுத்த படம்!"

திரைக்கு முன் நின்ற அவர் வெள்ளைச் சட்டையில் கீழ்க்கோடுகள் வரிவரியாக விழுந்தன. ஒன்று நெற்றியில் படிந்தது. மற்றவை அவர் தலையைத் தாண்டி, மேலே, மேலே போய்க்கொண்டிருந்தன.