பாராட்டில் நின்றுபோன ஜீப்

எழுபதுகளில் மாதனூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு வியாழக்கிழமை என்றால் ஜீப் கிழமை. காலையில் ஆம்பூர்ப் பக்கமிருந்து ஒரு சாம்பல் நிற ஜீப் நெடுஞ்சாலையை விட்டிறங்கி, பாலாற்றுக்குப் போகிற வண்டிப்பாதையில் குலுங்கிக் குலுங்கி வந்து புளியமரத்தடியில் நிற்கும். நிற்கும் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது மரத்தின் வேரில் முட்டும். வேர் அதை நிறுத்தும். "ஸ்தோத்திரம், வந்துட்டோம்" என்பான் ஓட்டுகிற வில்சன். ஒவ்வொரு வாரமும் அதை ஆச்சரியத்தோடு சொல்வான்.

பின்பக்கத்திலிருந்து இன்பம் சிஸ்டர் இறங்குவாள். ஆம்பூர் மிஷன் ஆஸ்பத்திரியின் தொழுநோய்ப் பிரிவு நர்ஸ். வெள்ளைச் சேலையில் புழுதி இல்லாதபடி இறங்குவது அவளுக்கு ஒரு பெருமை. பெஞ்சும் பேசின்களும் இறங்கினால் மரத்தடி ஆஸ்பத்திரி ஆகிவிடும். வருகிறவர்கள் எல்லாரும் கால் மரத்துப்போனவர்கள். முள் ஏறினாலும் தெரியாது, நெருப்பை மிதித்தாலும் தெரியாது; ரத்தத்தைப் பார்த்துத்தான் புண் என்று தெரிந்துகொள்வார்கள். மாத்திரையைச் சர்க்கார் கொடுத்தது. மற்றதெல்லாம், ஜீப்புக்குப் பெட்ரோல், புண்ணுக்குக் கட்டுத்துணி, மரத்த காலுக்கென்று மெத்தென்ற கறுப்பு ரப்பரில் தைத்த எம்.சி.ஆர். செருப்பு, அத்தனையும் கடல் தாண்டிப் பனி பெய்கிற ஒரு தேசத்தின் தயவு.

கட்டுத்துணி வந்த அழகை இன்பம் பிற்பாடு பல வருஷம் நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறாள். அந்தத் தேசத்துச் சபைகளில் வயசான அம்மாமார் உட்கார்ந்து, தங்கள் வீட்டுப் பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்துச் சுருட்டி, பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள். ஒரு சுருள் ரோஜாப்பூ, ஒரு சுருள் வாத்துக்கூட்டம், ஒரு சுருள் கோடு. ஒவ்வொன்றிலும் வேற்றூர்ச் சோப்பு வாசனை. பெட்டியைத் திறந்தால் அரை நிமிஷம், தோல் பதனிடுகிற டேனரிகளின் நாற்றமே மறந்துபோகும்.

"இன்னா சிஸ்டரம்மா, போன வாரம் ரோசாப்பூ கட்னீங்க. இந்த வாரம் கோடு போட்டதா? ஜெயிலுக்குப் போற மாதிரி இருக்குது" என்று காலை இழுத்துக்கொள்வாள் மீனாம்பாள்.

"அது எந்த தொரையோட பைஜாமாவோ" என்பான் வில்சன். "தொர காலு கெடந்த எடத்துல ஒன் காலு கெடக்குது. குடுத்து வெச்சவ நீ."

"அவரு பொண்டாட்டி கேட்டா நீ பதில் சொல்லு."

மீனாம்பாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற கூலிக்காரி. இடது காலில் விரல்கள் ஏற்கெனவே இல்லை. வலது கால் அடியில் ஒரு புண், மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. எலும்புக்கு இறங்கினால் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதுதான் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். "இந்தக் காலை நான் விடப் போறதில்ல" என்று இன்பம் சொல்லியிருந்தாள். டாக்டரிடம் அல்ல, மீனாம்பாளிடம்.

இந்த மரத்தடிக்கெல்லாம் மேலே ஒரு கமிட்டி உண்டு. அதன் கௌரவச் செயலாளர் தேவானந்தம் ஐயா, ரிட்டயரான ஹெட்மாஸ்டர். வேலூர் வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். வருஷத்துக்கு இரண்டு தரம் மரத்தடிக்கு வருவார்; காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கமாக நின்று, "தொட்டுச் சேவை செய்வதே சேவை" என்று பேசிவிட்டு, எதையும் தொடாமல் திரும்புவார்.

எழுபத்தொன்பது ஜனவரியில், பணம் எப்படிச் செலவாகிறதென்று பார்க்க அந்தப் பனித் தேசத்திலிருந்து ஓல்சன் துரை வருகிறார் என்றதும் கமிட்டி கொதித்தெழுந்தது.

"வர்றவரு விருந்தாளி. நம்ம மானம் இருக்குது" என்றார் தேவானந்தம்.

மானத்தில் குறை வைக்கவில்லை. மாதனூர் முனையில் வாழைமர வளைவு. வாணியம்பாடியிலிருந்து பேண்டு செட்டு. கமிட்டியில் பேருக்கு இருந்த தோல் முதலாளி ஆபித் பாஷா, விருந்தாளி என்ற சொல் காதில் விழுந்த பிறகு சும்மா இருக்கிறவரல்ல. மூன்று டேக்சா பிரியாணி, தால்ச்சா, கத்திரிக்காய் எல்லாம் வேனில் வந்திறங்கின. நல்ல காலுள்ளவர்கள் புதுச்சேலை கட்டி முன்வரிசையில். புண் உள்ளவர்கள் மரத்துக்குப் பின்னால், "கொஞ்ச நேரம்தாம்மா, இலை அங்கேயே வரும்" என்ற சமாதானத்தோடு. மீனாம்பாள் அங்கேதான் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இன்பம் தொப்பிக்குக் கஞ்சி போட்டு, பாட்டுக் கோஷ்டியின் நடுவில் நின்று உரக்கப் பாடினாள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஓல்சன் துரை வேர்த்து வழிந்தபடி ஏதோ கேட்டார். இதையெல்லாம் செய்தது யார் என்று கேட்டாராம். தேவானந்தம் ஐயா கோட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்துவிட்டுக்கொண்டு, "எல்லாம் எங்கள் ஜனங்களே! வெளியிலிருந்து ஒன்றுமே இல்லை!" என்று இங்கிலீஷில் முழங்கினார். கிளம்பும்போது ஆபித் பாஷா துரையின் பாத அளவெடுத்துத் தைத்த ஜோடி பூட்ஸைக் கையில் கொடுத்தார். துரை கண்கலங்கிப் போனார்.

ஏப்ரலில் அவருடைய முடிவு கடிதமாக வந்தது. தேவானந்தம் ஐயா அதைச் சபை மண்டபத்தில் எல்லாரையும் கூட்டிவைத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழாக்கி வாசித்தார்.

"உங்கள் ஜனங்களின் வளத்தையும் உற்சாகத்தையும் கண்டு வியந்துபோனோம்."

கைதட்டல்.

"உலகத்தில் வேறெங்கும் இத்தகைய உபசரிப்பை நாங்கள் கண்டதில்லை."

பலத்த கைதட்டல். ஆபித் பாஷா மீசையைத் தடவிக்கொண்டார்.

"இனி வெளியுதவி தேவைப்படாத முதிர்ச்சியை நீங்கள் அடைந்துவிட்டீர்கள். ஆகவே ஜூன் மாதத்தோடு எங்கள் உதவியை மகிழ்ச்சியுடன் நிறுத்திக்கொள்கிறோம்."

இதற்குத்தான் நீளமாகத் தட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு அல்லேலூயாகூட வந்தது. அதற்குள் கடைசி வரிசையில் வில்சன் எழுந்துவிட்டான்.

"ஐயா, அப்ப ஜீப்புக்கு பெட்ரோலு யாரு போடுவாங்க?"

கரண்டு போனதும் ஃபேன் நிற்குமே, அந்த மாதிரி கைதட்டல் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. இன்பமும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். கைகள் ஒன்றோடொன்று ஒட்டினபடி நின்றுபோயின. அதைப் பிரார்த்தனை என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவள் தலைகுனிந்தாள்.

கமிட்டி சளைக்கவில்லை. உதவி நின்றதற்கு ஒரு வருத்தத் தீர்மானம், இதுவரை கொடுத்ததற்கு ஒரு நன்றித் தீர்மானம், இரண்டும் ஒரே நாளில், ஒரே போண்டாவோடு நிறைவேறின. சுயசார்பை ஆராய ஒரு துணைக்கமிட்டியும் பிறந்தது. ஜூனில் ஜீப் ஷெட்டுக்குள் போயிற்று. ஜூலையில் அதன் பின்சீட்டில் கோழி முட்டையிட்டது. வில்சன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி பஸ் ஓட்டப் போனான். அந்தக் கம்பெனி ஷூக்கள் பனி பெய்கிற தேசத்துக்குத்தான் கப்பலேறின; அங்கிருந்து இங்கே வருவதுதான் நின்றது. இன்பத்தைப் பிரசவ வார்டு டியூட்டியில் போட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் மீனாம்பாள் வார்டு வாசலில் வந்து நின்றாள். கட்டு அவிழ்ந்து கறுத்திருந்தது. இன்பம் பிரித்துப் பார்த்தாள். சுருங்கிக்கொண்டு வந்த புண் வாயைப் பிளந்திருந்தது.

"எப்படி வந்த?"

"நடந்துதான்."

"மாதனூர்லேர்ந்தா? இந்தக் காலோடயா? ஒனக்கு அறிவிருக்குதா? பஸ்ஸுல வந்தா இன்னா?"

"கட்டப் பாத்தா கண்டக்டரு விசில் அடிக்கிறாரு சிஸ்டரம்மா. நிக்கிறதுக்கு இல்ல, போறதுக்கு."

இன்பம் புண்ணைக் கழுவிக் கட்டினாள். கட்டும்போதே விஷயம் விளங்கிவிட்டது. இவள் வைத்தியத்துக்கு வர வர, கால் போகும். வந்து சேருகிற தூரமே அந்தக் காலைத் தின்றுவிடும். இவள் வரக்கூடாது, வைத்தியம்தான் போகவேண்டும்.

வார லீவை வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். கம்பெனியில் வேலை செய்கிற மாதனூர்ப் பெண்களை ஏற்றிவர வில்சனின் பஸ் விடிகாலையில் ஆம்பூரிலிருந்து காலியாகத்தான் போகும். பேசினோடு அவள் ஏறினதும் அவன் பதறினான்.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா என் வேலைக்கு வேட்டுதான்க்கா. வெளியாளு யாரையும் ஏத்தக் கூடாதுன்னு ஆர்டரு."

"நான் வெளியாளா? ஒன் ஜீப்புல பத்து வருஷம் இடுப்ப ஒடச்சிக்கினவ. ரோட்டப் பாத்து ஓட்டு."

கட்டுத்துணிக்குப் பழைய வேட்டிகளை வெந்நீரில் வேகவைத்து எடுத்துக்கொண்டாள். பூவும் இல்லை, வாத்தும் இல்லை. வார்டு நர்ஸுகள் வீட்டுப் புருஷன்மாரின் கரை வேட்டிகள். செருப்புக்குத்தான் வழியில்லை. ஆபித் பாஷாவிடம் போனாள்.

"அந்த தொர நம்ம பூட்ஸு போட்டுக்கினு போனாரே, அதப் பத்தி ஏதாச்சும் எழுதினாரா?" என்றார் அவர். மண்டபத்தில் வாசித்ததில் மீசையைத் தடவின இடம் வரைக்கும்தான் அவருக்கு ஞாபகமிருந்தது.

"எழுதினாரு பாய். நாம ரொம்ப நல்லா இருக்கோம், இனிமே ஒண்ணும் வேணாம்னு எழுதினாரு."

பாஷா கணக்கு நோட்டை மூடினார். "அப்ப நம்ம பிரியாணிதான் காரணமா?"

"தால்ச்சாவும்தான் பாய்."

அவர் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தார். "காலு அளவு குடும்மா. ரப்பரும் தோலும் என்னது. தைக்க ஆளு இருக்குது. ஆனா கமிட்டில மூச்சு விடாத. தெரிஞ்சா தேவானந்தம் சார் எனக்கு மாலை போட வந்துடுவாரு. பேஜாரு."

இப்படி மழைக்காலம் வரை வியாழக்கிழமைகள் சத்தமில்லாமல் ஓடின. காலையில் பஸ் அவளை இறக்கிவிட்டுப் பெண்களை ஏற்றிக்கொள்ளும். சாயங்காலம் பெண்களை இறக்கிவிட்டு அவளை ஏற்றிக்கொள்ளும். மீனாம்பாளின் புண் எட்டணா அளவுக்கு வந்து, நாலணாவுக்கு இறங்கியிருந்த சமயத்தில், மரத்தடிக்கு ஒரு வாடகைக் கார் வந்தது. அதிலிருந்து கோட்டு இறங்கியது.

"இன்பம்! சிஸ்டர்! கேள்விப்பட்டேன்!" தேவானந்தம் ஐயாவின் குரல் தழுதழுத்தது. காற்றின் திசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இதுவல்லவோ சுயசார்பு! அடுத்த வியாழன் இங்க பெரிய விழா. கலெக்டரக் கூப்பிடறோம். போட்டோகிராபர் வர்றாரு. நீங்க கம்பெனி பஸ்ஸுல வந்து எறங்கறதயும் படம் எடுக்கறோம். அத ஓல்சனுக்கு அனுப்பி, பாருங்கய்யா, ஒங்க பணமில்லாமயே செஞ்சிட்டோம், அதனால பணம் அனுப்புங்கன்னு கேக்கறோம்!"

இன்பம் கணக்குப் போட்டாள். படம் வந்தால் கம்பெனிக்குத் தெரியும். தெரிந்தால் வில்சனுக்கு வேலை போகும், பஸ் போகும், அதோடு வியாழக்கிழமையும். கையிலிருந்த மீனாம்பாளின் பாதத்தை விடாமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்றால் நிற்கிறவரல்ல. வேண்டாம் என்று சொன்னவர்களைச் சமாதானப்படுத்தவே தனிப் பேச்சு வைத்திருப்பவர்.

"ஐயா, இந்த மரத்தடியிலயா?" என்றாள் மெதுவாக. "ஒங்க தகுதிக்கு இது ஒரு எடமா? படம் எடுத்தா நாலு நாளு பேச்சு. ஒரு மண்டபம்னா?"

"மண்டபமா?"

"சுயசார்பு மண்டபம். ஆஸ்பத்திரி காம்பவுண்டுல, ரோட்டப் பாத்தாப்புல. அடிக்கல் நீங்க நட்டாத்தான் பொருந்தும். கறுப்புக் கல்லு, தங்க எழுத்து."

தேவானந்தம் ஐயாவின் உதடு மட்டும் அசைந்தது. எழுத்துகளை வரிசையில் அடுக்கிப் பார்ப்பது தெரிந்தது.

"ஆமா ஐயா" என்றாள் மீனாம்பாள், காலை நீட்டினபடியே. "கல்லுல வெட்டினா மழைக்கும் அழியாது. எங்களுக்கும் தடவிப் பாத்து கும்புட வசதி."

"பேருக்குப் பின்னால எம்.ஏ., எல்.டி. ரெண்டும் ஒரே வரில வரணும்" என்று சொல்லிக்கொண்டே கார் ஏறினார். அடுத்த வியாழன் அடிக்கல் விழாவுக்குக் கலெக்டர் வரவில்லை, தாசில்தார் வந்தார். பேண்டு செட்டு வந்தது. ஊர் மொத்தமும் ஆஸ்பத்திரி காம்பவுண்டில் கூடியிருந்ததால் மாதனூர் மரத்தடியை எட்டிப் பார்க்க அன்றைக்கு வெளியாள் ஈ, காக்கைகூட வரவில்லை; இன்பம் நிம்மதியாகக் கட்டுப் போட்டாள். கல் இன்றைக்கும் இருக்கிறது. மண்டபம்தான் வரவில்லை. பிரசவ வார்டுக்காரர்கள் அதன் மேல் குழந்தைத் துணி காயப்போடுகிறார்கள்.

தை பிறந்து இரண்டாவது வியாழன், இன்பம் கட்டைப் பிரித்தபோது உள்ளே கட்டுவதற்கு ஒன்றுமில்லை. இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல் மூடியிருந்தது. அழுத்தினாள், ஓரம் தடவினாள், வெளிச்சத்தில் திருப்பினாள். சரிதான். மூடிவிட்டது.

மீனாம்பாளின் முகம் தொங்கிப்போயிற்று.

"அப்ப அடுத்த வாரம் எனக்கு இங்க இன்னா வேல?"

இன்பம் புது ரப்பர்ச் செருப்பை அவள் காலில் மாட்டி, வாரை இழுத்துப் பூட்டினாள். பேசினை அவள் பக்கம் தள்ளினாள்.

"போய் தண்ணி மொண்டுக்கினு வா. பின்னால எத்தினி பேரு நிக்கிறாங்க பாரு. சின்னச் சின்ன அடியா வெச்சி நட, ஓடாத."

மீனாம்பாள் பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு பம்புசெட்டைப் பார்த்துச் சின்னச் சின்ன அடியாக நடந்தாள். பாதி வழியில் திரும்பினாள்.

"சம்பளம் உண்டா சிஸ்டரம்மா?"

"கமிட்டியில கேளு" என்றாள் இன்பம், அடுத்த காலைக் கையில் எடுத்துக்கொண்டே.