பச்சை முட்டைகள்

ஓரகத்திகள் இருவரும் நேருக்கு நேர் பேசி மூன்று வருடமாகிறது. அதனால் வீடு அமைதியாக இருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொல்லையைப் பிரித்த இடுப்பளவு சுவருக்கு இந்தப் பக்கம் பெரியவள் தன் வாளியைத் திட்டுவாள். அந்தப் பக்கம் சின்னவள் தன் கோழியைத் திட்டுவாள். வாளிக்கும் கோழிக்கும் சூடு சொரணை இருந்திருந்தால் என்றோ ஊரைவிட்டு ஓடியிருக்கும்.

பெரியவளின் சேவலுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். கழுத்தில் ஒரு இறகு கிடையாது, ஆனால் திமிருக்குக் குறைவில்லை. சுவர் தாண்டிச் சின்னவள் கோழிகளிடம் போனால் பெரியவள் கம்பெடுத்துக்கொண்டு ஓடுவாள். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. போன மாதம் கொழுந்தன் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது சேவல் சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போனது. வேண்டுமென்றே ஏற்றினான் என்பது பெரியவளின் தீர்ப்பு. அதற்கு அப்பீல் கிடையாது.

இனி இன்ஸ்பெக்டரின் வாரிசு வேண்டுமென்றால் அந்த வாரம் அவள் கோழிகள் இட்ட முட்டைகள்தான் கதி. ஆனால் அவள் கோழி ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. சின்னவளின் கறுப்புக் கோழிதான் உட்கார்ந்திருந்தது.

மானத்தை விழுங்கிக்கொண்டு, முட்டைகளை அடைவைக்கக் கேட்டுப் புருஷனை அனுப்பினாள். "என் முட்டையோட சேத்து வெக்கறேன்னு சொல்லுங்க" என்று பதில் வந்தது.

சேர்த்தா? பெரியவள் கணக்குப் போட்டாள். பொரிந்ததெல்லாம் என்னுடையது என்பாள், கள்ளி. பென்சிலில் குறி போட்டால் அழித்துவிடுவாள். வாசல் கேட்டுக்கு அடித்த பச்சை பெயிண்டில் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு முட்டையையும் ஓடு தெரியாமல் பூசி, காயவைத்து, கூடையில் கொடுத்தனுப்பினாள்.

அன்று மாலையே சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கிளம்பியது.

"ஏண்டி கறுப்பி, இப்படி அப்பி வெச்சா உள்ள இருக்கற உசுரு எப்படிடி மூச்சு விடும்? சுரண்டி எடுக்கச் சொல்லுடி!"

சுரண்ட வேண்டுமாம்! குறியை அழித்துவிட்டு முட்டையை மாற்றத் திட்டம். பெரியவள் வாளியை நங்கென்று வைத்தாள்.

"வாளியே, எவளாவது சுரண்டினா கை விளங்காமப் போகும்னு சொல்லி வை!"

மறுநாளும் கறுப்பிக்கு அதே புத்திமதி. மறுநாளும் வாளி அதே சாபத்தைக் கேட்டது. அப்புறம் சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். ஜெயித்துவிட்டதாகப் பெரியவள் அன்று இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள்.

மூன்று வாரம் கழித்து புருஷன் கூடையோடு வந்தான். உள்ளே அத்தனையும் பச்சை. ஒன்றை உடைத்ததும் நாற்றம் குடலைப் பிடுங்கியது. பாதி வளர்ந்த குஞ்சு கண் திறக்காமல் சுருண்டு கிடந்தது.

"மாத்திட்டாளா?" என்றாள் பழக்கதோஷத்தில்.

"எதைடி மாத்தினா? நீ பூசின பெயிண்ட் அப்படியே இருக்கு. ஓட்டுல இருக்கற ஓட்டையெல்லாம் அடைச்சிட்ட. அவதான் தொண்டை கிழியக் கத்தினாளே, உன் காதுல என்ன விழுந்துச்சு?"

அவளுக்குக் கேட்டிருந்தது, ஒரு சொல் விடாமல். திட்டு என்று நினைத்துத்தான் கேட்டாள்.

சுவரருகே ஓடினாள். கறுப்பியின் பின்னால் குஞ்சுகள் கீச்கீச்சென்று மேய்ந்தன. இரண்டின் கழுத்தில் மயிரே இல்லை. கம்பெடுத்து விரட்டியும் இன்ஸ்பெக்டர் எப்போதோ சுவர் தாண்டியிருக்கிறான். அவளுக்கு அழுகை வந்தது, வெட்கமும் வந்தது. இரண்டையும் துடைத்துக்கொண்டு மூன்று வருடத்தில் முதல்முறையாக வாளியை விட்டுவிட்டு ஆளைப் பார்த்துப் பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு குடும்மா. அவனோட வாரிசு."

சின்னவள் நிமிரவில்லை. குனிந்து தீனியைத் தூவினாள்.

"கறுப்பி, யாரோ பேசற மாதிரி இருக்கு. உனக்கு ஏதாவது கேட்டுச்சாடி?"