கன்ட்ரோல் ஏழு

எங்கள் லேபின் கணக்குப்படி நான் ஆரோக்கியமானவள். கம்ப்யூட்டரில் என் பெயர் உலகம்மை இல்லை, கன்ட்ரோல் ஏழு. நோயாளி ஒருவரின் ஜீனில் ஏதாவது மாற்றம் தெரிந்தால், அதுதான் நோய்க்குக் காரணமா, இல்லை நம் பக்கத்து ஆட்களுக்குச் சும்மா இருக்கிற மாற்றமா என்று பார்க்க வேண்டும். அதற்கு நோயில்லாத சிலரின் ஜீன்கள் கையில் வேண்டும். வெளிநாட்டுத் தரவுகளில் நம்மவர்கள் சொற்பம். ஆகவே லேபில் வேலை பார்க்கிறவர்களே ஆளுக்கொரு குப்பி ரத்தம் கொடுத்தோம். நாங்கள் ஆரோக்கியமானவர்கள்தானா என்று யாரும் கேட்கவில்லை. தினமும் வேலைக்கு வருகிறோமே, அது போதாதா!

லேப் கழக்கூட்டம் என்கிற ஊரில் இருக்கிறது. நான் இருக்கும் பிளாட்டும் அதற்குப் பின்னால்தான். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்கு வருகிறவளைப் பெரிய உழைப்பாளி என்று நினைக்கிறார்கள். வீட்டில் பேச ஒரு ஜீவன் இல்லாதவள் என்று நினைப்பதைவிட அது மரியாதையாக இருப்பதால் நானும் திருத்துவதில்லை.

ஜூன் மாதம் ஒரு டாக்டர் போன் செய்து கத்தினார். கரமனையைச் சேர்ந்த பகவதிப்பெருமாள் என்ற பையன், கல்லூரி மாணவன், ஈரல் வீங்கி, கை நடுங்கி அவரிடம் வந்திருக்கிறான். உடம்பில் செம்பு வெளியேறாமல் தங்கி ஈரலையும் மூளையையும் கெடுக்கும் நோய் ஒன்று உண்டு. அறிகுறி எல்லாம் அதையே சொல்கிறது. எங்கள் ரிப்போர்ட் மட்டும் 'ஒன்றும் இல்லை' என்கிறது. "நிங்ஙள் அவிடெ எந்தா செய்யுன்னது?" என்று கேட்டார். என்ன செய்கிறோம் என்று எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அவனுடைய தரவை முதலிலிருந்து எடுத்தேன். காரணமான மாற்றம் அங்கேயேதான் இருந்தது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியிலும் இருந்தது. அந்த ஜீன் உண்டாக்கும் புரதத்தின் வடிவத்தைத் திரையில் வரைந்து பார்த்தேன். செம்பை வெளியே தள்ள வேண்டிய வாசல், மழைக்காலத்தில் ஊறிப்போன கதவுபோல் இறுகிக் கிடந்தது. இவ்வளவு தெளிவானதை எங்கள் புரோகிராம் ஏன் கழித்துப் போட்டது?

கூடவே வேலை பார்க்கும் ஜெஸிதான் கண்டுபிடித்தாள். "சேச்சி, இது நோக்கு. நம்ம கன்ட்ரோல் ஒராளுக்கு இது உண்டு. அதான் தள்ளிருக்கு." ஆரோக்கியமான ஒருவரிடம் இருந்தால் கழித்துவிடு என்று முன்பு இங்கே வேலை பார்த்த ஜெயன் புரோகிராமில் எழுதிவைத்த கட்டளை அது. இந்த நோயில் ஒரு பிரதி மட்டும் கெட்டிருந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டும் கெட்டால்தான் நோய். இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன புத்திசாலி, எத்தனை இருக்கிறது என்று பார்க்கச் சொல்லவில்லை. அவன் இப்போது ஜெர்மனியில் சுகமாக இருக்கிறான்.

"எந்த கன்ட்ரோல்?" என்று கேட்டேன். ஜெஸி திரையில் ஏழு என்ற எண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

திருத்திய ரிப்போர்ட் அன்றே போனது. பகவதிப்பெருமாளுக்கு மருந்து தொடங்கினார்கள். ஜெயனின் கட்டளையையும் திருத்தினோம். பழைய கேஸ்களை எல்லாம் ஜெஸி மறுபடி ஓட்ட ஆரம்பித்தாள். எனக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

என் தாய்மாமன் பெயர் சிவதாணு. சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக்கடையில் கணக்குப்பிள்ளை. முப்பது தாண்டியதும் அவர் கை நடுங்க ஆரம்பித்தது; டீ கிளாஸைப் பிடிக்க முடியாது. பேச்சு குழறும். கண் மஞ்சளாகும். ஊர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது: குடி. அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. பார்க்காததால் ஒளித்துக் குடிக்கிறார் என்றார்கள். கடை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஈரல் கெட்டுப்போய் நாற்பதுக்கு முன்பே செத்தார். அப்போது அவர் மகள் ஸ்ரீலட்சுமிக்கு எட்டு வயது.

அந்த ஸ்ரீலட்சுமியைத்தான் என் அண்ணன் தாணுமாலயன் கட்டினான். முறைப்பெண், உரிமை. நிச்சயதார்த்தத்தன்று நான், எம்எஸ்சி முதல் வருடம், பந்தியில் எல்லாரும் கேட்கச் சொன்னேன்: "சொந்தத்துல கட்டினா பிறக்கப்போற பிள்ளைக்குத்தான் கேடு." படித்த விஷயம், சொன்னேன். இன்றைக்கும் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்ரீலட்சுமி மைனியின் முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதம் கலைந்தபோது எல்லாருக்கும் என் வாய்தான் ஞாபகம் வந்தது. கரிநாக்கு என்றார்கள். இனி இந்த வாசலுக்கு வராதே என்று சொன்னது என்னைப் பெற்ற அம்மை. பிறகு ஆதிரா பிறந்தாள், எனக்குச் சொல்லவில்லை. அம்மை இறந்தபோது போய், தெருக்காரர்களோடு நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறி வந்தேன்.

ஆதிராவுக்கு இப்போது பதினைந்து. மாமாவுக்கு அந்த நோய் என்றால் மைனியிடம் ஒரு கெட்ட பிரதி கட்டாயம் உண்டு. எனக்கு இருப்பது அம்மை வழியில் வந்திருந்தால் அண்ணனுக்கும் இருக்கலாம். அப்படியானால் ஆதிராவுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம். இப்போதே தெரிந்தால் மாத்திரையோடு நூறு வயதுவரை இருப்பாள். கை நடுங்கிய பிறகு தெரிந்தால் மாமாவின் கதி வரலாம். இதை அவர்களிடம் போய்ச் சொல்ல வேறு யாரும் கிடையாது. கரிநாக்குக்காரி மறுபடியும் போய், உன் பிள்ளைக்கு நோய் இருக்கலாம் என்று சொல்ல வேண்டும்.

எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு ஞாயிறு பயத்திலேயே போனது. மூன்றாவது ஞாயிறு காலையில் அண்ணன் வீடு இருக்கும் வலியசாலைக்குப் போனேன்.

கதவைத் திறந்த அண்ணன் தலை முழுக்க நரைத்திருந்தான். "உலகமா?" என்றான். உள்ளே வா என்று சொல்ல வாய் வரவில்லை, வழியை மட்டும் விட்டான்.

"ஆதிரா இருக்காளா அண்ணே?"

"டியூஷனுக்குப் போயிருக்கா. என்ன காரியம்?"

மைனி அடுக்களை நிலைப்படியில் வந்து நின்றாள். உட்காரச் சொல்லாததால் நானும் நின்றபடியே சொன்னேன். என் ரத்தத்தில் இருந்தது, கரமனைப் பையனுக்கு வந்தது, எல்லாம் சொன்னேன். பஸ்ஸில் பலமுறை சொல்லிப் பழகியிருந்தேன். அப்படியும் பாதியில் வரிசை மாறிப்போனது.

"ஆதிராவுக்கு இருக்குன்னு நான் சொல்லல்ல. இருக்கான்னு பாத்துரணும். அவ்வளவுதான், அண்ணே."

அண்ணன் முகம் சிவந்தது. "அன்னைக்கும் இப்படித்தான் வந்து நின்னே. ஒனக்கு வேற சோலி இல்லியா?"

"அவ சொல்லட்டும்," என்றாள் மைனி. பிறகு என்னைப் பார்த்து, "எனக்க அப்பாவுக்க கை நடுங்கினது இதனாலயா?" என்று கேட்டாள்.

"மாமா இல்லாம உறுதியாச் சொல்ல முடியாது மைனி. ஆனா எனக்கு சம்சயம் இல்ல. இதுதான்."

"அப்போ அப்பா குடிக்கல்லியா?"

"குடிக்கல்ல."

மைனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குடிகாரனுக்க மகள்னு ஸ்கூல்ல சொன்னாவ. இந்த வீட்டுலயும் சொன்னாவ. நானும் நம்பினேன். கடைசி காலத்துல கையப் பிடிக்க வந்தாரு, நான் கிட்டப் போகல்ல," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் தோளைத் தொடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. தொடவில்லை.

அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரத்தம் எடுக்கலாம். ஆனா ரிசல்ட் ஒனக்க வாயால வரண்டாம் உலகம். தப்பா நெனைக்காத. என்னால கேக்க முடியாது. வேற யாராவது சொல்லட்டும்."

"சரி மைனி," என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்கக் காரணம் இல்லை. தெருமுனை வந்ததும்தான் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை என்பது உறைத்தது. ஆதிரா திரும்பும்வரை எங்காவது நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. கூப்பிடாத வீட்டுத் தெருவில் எவ்வளவு நேரம் நிற்பது? பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

ஆதிராவின் ரத்தம் டாக்டர் மூலமாக வந்தது. தரவை ஓட்டியது நான்தான்; வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. திரையில் விடை வந்தது. இரண்டு பிரதி. மறுபடி ஓட்டினேன். இரண்டுதான். ஜெஸி வந்து பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தாள். நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்பதுபோல் ஒரு வெறுப்பான நினைப்பு வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை.

மதியம் ஜெஸி மைனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். நிதானமாக, அழகாகச் சொன்னாள். டாக்டர் பார்த்த வரையில் நோய் இன்னும் எதையும் கெடுக்கவில்லை, இப்போதே மருந்து தொடங்கினால் ஒன்றும் வராது, நாளைக்கே டாக்டரைப் பாருங்கள், விடாமல் சாப்பிட வேண்டும். மைனி எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள். அழவில்லை. மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

பிறகு, "உலகம் அங்க பக்கத்துல உண்டா?" என்றாள்.

ஜெஸி என்னைப் பார்த்தாள். என் வாயால் வேண்டாம் என்றவள் அவள். கொடுத்த வாக்கு என்று நினைத்தேனோ, பயந்தேனோ. இல்லை என்று தலையாட்டினேன்.

"சேச்சி இவிட இல்ல," என்றாள் ஜெஸி.

"ஓ. ஆதிராக்கு அத்தைகிட்ட பேசணுமாம். போனுக்கு கையை நீட்டிக்கிட்டு நிக்கா. சரி, பொறவு பாக்கலாம்." போன் வைத்துவிட்டாள்.

ஜெஸி போனை என் பக்கம் தள்ளினாள். எடுத்து நம்பரை அழுத்த எனக்குக் கை வரவில்லை. திரையில் ஆதிராவின் ஜீன்கள் அத்தனையும் எழுத்து விடாமல் விரிந்து கிடந்தன. எந்தப் புரதம் எங்கே வளைகிறது என்றுகூடச் சொல்லிவிடுவேன். அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.