நூல் அளவு

பாத்திரம் கழுவும் தொட்டி தாழ்வு, கழுவுகிறவள் நல்ல உயரம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது அவள் இடுப்பு. பதினேழு வருஷமாக ஆயாம்மா அந்தச் சமையலறையில் குனிந்த தலை நிமிராமல் நின்றாள். குனியாவிட்டால் தொட்டிக்குள் கை எட்டாது, அவ்வளவுதான். மேடையைக் கொஞ்சம் உயர்த்தித் தரச் சொல்லி ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டாள். "இருக்கற மேடைக்கு என்ன கொறைச்சல்?" என்று சார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று அவள் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேடம் வந்து கதவோரம் நின்றாள். மேடம் கதவோரம் நின்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஆயாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பசங்க ரெண்டு பேரும் படிக்கப் போயாச்சு. நாங்க ரெண்டே பேரு. எதுக்கு ஒரு ஆளுன்னு சார் கேக்கறாரு. இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்னு..."

"சரிங்க மேடம்."

"கிச்சனையும் இடிச்சுப் புதுசா மாத்தறோம். இனிமே நானே பாத்துக்கறேன்."

"சரிங்க."

அழுகை வருமோ என்று பார்த்தாள். வரவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி, சோறூட்டி, காய்ச்சலில் தோளில் போட்டு நடந்தவள். அதற்காகவாவது கொஞ்சம் வந்திருக்கலாம். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல மனசைக் கிள்ளிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. குக்கரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஆனால் ஒரு நினைப்பு மட்டும் மெல்ல எட்டிப் பார்த்தது. ஊரில் வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு மேடை இருக்கிறது.

வீடு கட்டும்போது மகன் போனில் எல்லாவற்றுக்கும் அவளைக் கேட்டான். பெயின்ட், தரை, ஜன்னல் எதுவானாலும் "உன் இஷ்டம்டா" என்றுதான் சொன்னாள். சமையல் மேடைக்கு மட்டும் விடவில்லை. தன் கட்டிலோரம் நேராக நின்று, ஒரு நூலின் நுனியைக் கட்டைவிரலால் மிதித்து, முழங்கைக்குக் கீழே வரை இழுத்து அறுத்தாள். அந்த நூலை ஊருக்குப் போன பக்கத்து வீட்டு வேலைக்காரியிடம் கொடுத்தனுப்பினாள். "ஒரு விரல் கூடினாலும் பரவாயில்லடா, கொறையக் கூடாது. கடைசிக் காலத்துலயாவது நிமிந்து நின்னு சமைக்கறேன்."

கொத்தனார் நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது சமையல் மேடையா, மொட்டை மாடிச் சுவரா?" என்று கேட்டாராம். மகன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் ஊருக்குப் போகவே இல்லை. ஒரு தடவை டிக்கெட் காசு ஜன்னல் கம்பியாக மாறியது, இன்னொரு தடவை தண்ணீர்த் தொட்டியாக மாறியது. பேரன் பிறந்து நடந்து பேசவும் தொடங்கிவிட்டான். எல்லாம் போன் திரையில்தான். ராத்திரி இடுப்பு வலிக்கும்போதெல்லாம் அவள் அந்த மேடை முன்னால் மனசுக்குள் ஒரு தடவை நிமிர்ந்து நின்றுவிட்டுத்தான் தூங்குவாள்.

சாயங்காலம், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த தன் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டாள். மருமகள் போனைச் சமையல் மேடையில் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்தாள். பின்னால் மகன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"என்னம்மா, இன்னிக்கு சீக்கிரமே கூப்பிட்டுட்ட?"

"ஒரு விஷயம் சொல்லணும்டா."

அதற்குள் பேரன் ஓடி வந்தான். எக்கவில்லை, தாவவில்லை. சும்மா நின்றபடியே கையை நீட்டி மேடைமேல் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்தான். மேடைக்கு மேலே அவன் முகவாய் வரைக்கும் தெரிந்தது. போன வாரம்தான் அவன் உயரத்தைக் கேட்டுச் சட்டை எடுத்து அனுப்பியிருந்தாள். அவளுடைய நூல் அளவு மேடையாக இருந்தால் அவன் தலைமுடிகூடத் தெரிந்திருக்காது.

"மேடை ஏன்டா இவ்ளோ தாழ்வா இருக்கு?"

மருமகள் கத்தியைக் கீழே வைத்தாள். மகன் தலையைச் சொறிந்தான்.

"அதும்மா... இவளுக்கு எட்டல. ஸ்டூல் போட்டு ஏறி நின்னுதான் சமைச்சா. வயித்துல இவன் இருக்கும்போது ஒருநாள் கால் வழுக்கி விழப் பாத்தா. அப்பவே இடிச்சுக் கொறைச்சுட்டோம்."

"கோச்சுக்காதீங்க அத்தை," என்றாள் மருமகள். "நீங்க ஆசப்பட்டுக் கேட்டது. எனக்கு மனசே வரல."

"இதுல கோவிக்க என்ன இருக்கு? புள்ளத்தாச்சி விழுந்திருந்தா என்ன ஆகறது?"

"அதாம்மா," மகன் நிம்மதியாகச் சிரித்தான். "நீ வந்தா ஒரு மாசம் இருப்ப. அந்த ஒரு மாசமும் உன்ன அடுப்படிக்குள்ள விட்டுருவோமா? ராணி மாதிரி உக்காந்து சாப்பிடு. ஆமா, என்னமோ சொல்ல வந்தியே?"

ஒரு மாசம். அவன் தப்பாகச் சொல்லவில்லை. ஊருக்குப் போன காலத்திலெல்லாம் அவள் ஒரு மாசக்காரியாகத்தானே போய் வந்தாள்.

"ஒண்ணுமில்லடா. புள்ளைக்குச் சட்டை சரியா இருந்துச்சான்னு கேக்கத்தான்."

மறுநாள் காலையில் டீயைக் கொடுக்கும்போதே மேடத்திடம் கேட்டாள். "வேற வீடு எதாச்சும் இருந்தா சொல்லுங்க மேடம்."

மேடம் ஆச்சரியப்பட்டாள். "ஊருக்குப் போறோம்னு சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன். சொந்த வீடே கட்டி வெச்சிருக்கீங்க."

"கையில தெம்பு இருக்கறவரைக்கும் செய்யலாம்னுதான்."

"என் ஃப்ரெண்டோட மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க. கனத்த உடம்பு. தூக்கிப் பொரட்டிப் படுக்க வைக்கணும். முடியுமா?"

"முடியும்."

மாசக் கடைசியில் மேஸ்திரி வந்தார். சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "ரொம்பத் தாழ்வுங்க. இதுல நின்னா இடுப்பு என்னத்துக்கு ஆகும்? இனிமே யாரு சமைக்கப் போறது?"

"நான்தான்," என்றாள் மேடம்.

"அப்ப செருப்பக் கழட்டிட்டு நேரா நில்லுங்க. கைய மடக்குங்க. ஆளுக்கு ஏத்த மாதிரி மேடை இருந்தா வலியே வராது."

மேடம் நேராக நின்று கையை மடக்கினாள். மேஸ்திரியின் டேப் பழசு. தரையில் நிற்காமல் நுனி சுருண்டு சுருண்டு எழும்பியது. அவர் திரும்பிப் பார்த்தார். வாசலில் பெட்டியை வைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டு போக வந்திருந்த ஆயாம்மா நின்றிருந்தாள்.

"அம்மா, இதக் கொஞ்சம் தரையோட அமுக்கிப் புடிங்க."

ஆயாம்மா ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு குனிந்தாள். மேடத்தின் குதிகாலுக்குப் பக்கத்தில் டேப்பின் நுனியை விரலால் அமுக்கினாள். டேப் அவள் முகத்தைத் தாண்டி மேடத்தின் முழங்கை வரைக்கும் ஏறியது.

"இன்னும் ஒரு விரல் ஏத்திக்கலாமா?" என்று மேடம் கேட்டாள்.

"தாராளமா," என்றார் மேஸ்திரி. "அம்மா, நிமிந்துராதீங்க, அப்படியே புடிங்க."

ஆயாம்மா அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.