மூன்றரை மணிக்குத் திறக்காத கேட்

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. முதலில் எழுதிய தொடக்கம் இது: “வசந்தத்தின் அந்தப் பிற்பகலில் வானம் பச்சை நிறமாக…”

அடித்துவிட்டேன். வானம் என்ன நிறமென்று நான் அண்ணாந்தே பார்க்கவில்லை. ஸ்கூல் கேட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

2

என் தங்கை வானிலை மையத்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஆலங்கட்டி மழை வருமென்று எச்சரித்தாள். ஒரு சொட்டு விழவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் ‘குடை மகாராணி’. வைத்தவன் நான்.

இனி வருவது அவள் விளக்கியது. கீழே வெயில் வந்துவிட்டது. மேலே குளிர்காலம் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை. சூடான ஈரக்காற்று விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. அதில் மாட்டிக்கொண்ட நீர்த்துளி உயரத்தில் உறைகிறது. விழப் பார்த்தால் காற்று விடுவதில்லை, ஏந்திக்கொண்டே இருக்கிறது. அதற்குள் பனி மேலும் மேலும் ஒட்டிக் கனக்கிறது. தாங்க முடியாமல் போனதும் காற்று கைவிட்டுவிடுகிறது.*

(* வெட்டிப் பார்த்தால் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்குமாம். நான் வெட்டவில்லை.)

3

முதல் வரைவில் ‘அண்ணன்’ என்ற பாத்திரம் தங்கையை முழுதாக நம்பினான். தங்கமான மனிதன். சுத்தப் பொய்.

நடந்தது இதுதான். மூன்றரைக்கு ஸ்கூல் விடும். மூன்று இருபதுக்கு எல்லார் போனுக்கும் மறுபடி ஆலங்கட்டி மழை எச்சரிக்கை வந்தது. தலைமை ஆசிரியை கேட்டைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளை வகுப்பிலேயே உட்காரவைத்தார். வெளியே பெற்றோர் கூட்டம். அதில் முன்னால் நான்.

“மேடம், இதை அனுப்பினதே என் தங்கச்சிதான். போன தடவையும் இப்படித்தான் பூச்சாண்டி காட்டினா. கேட்டைத் தெறங்க.”

“நீங்க நம்பாட்டிப் போங்க சார். நான் நம்புறேன்.”

எல்லாரும் என் பக்கம். அவர் ஒற்றை ஆள். அப்படியும் சாவியைக் கையிலிருந்து விடவில்லை.

4

மூன்று முப்பத்தெட்டுக்கு விழ ஆரம்பித்தது. எலுமிச்சம்பழ அளவு. [அளவைக் கூட்டாதே என்று ஓரத்தில் எனக்கே எழுதிவைத்திருக்கிறேன். கூட்டவில்லை.] கார்களுக்குள் ஓடி ஒளிந்தோம். என் காரின் முன்கண்ணாடி விரிசல் விட்டது. பிள்ளைகள் வரிசையாக நடந்து வரும் மைதானத்தில் ஊஞ்சல் பலகை இரண்டாகப் பிளந்தது.

ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை. என் மகள் வகுப்பு ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு எனக்குக் கையாட்டினாள். அப்பாடா என்று ஸ்டியரிங்கில் தலைசாய்த்து அழுதேன்.

5

தங்கை போன் செய்தாள்.

“பாப்பா உள்ளதானே இருந்தா, அண்ணே?”

“உள்ளதான்.”

அவள் மூச்சுவிட்டது கேட்டது.

“மெசேஜ் மூணு பத்துக்கே ரெடி. பத்து நிமிஷம் அனுப்பாம உக்காந்திருந்தேன். இதுவும் பொய்யாப் போனா நீ சிரிப்பியேன்னு.”

அதற்கு நான் சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் மன்னிப்புக் கேட்கிறேன். ஒன்றில் கேட்டில் நின்று கத்தியதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றில் சிக்னல் போய்விடுகிறது. உண்மையில் நான் கேட்டது, “சாப்பிட்டியா?”

முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். அடுத்த முறை அவள் அந்தப் பத்து நிமிடம் யோசிக்கக் கூடாது, அவ்வளவுதான்.